குக்கரைத் திரும்பப் பெறுவது என்றால் யாரிடமிருந்து?

இந்தக் குறிப்பை எழுதவைத்தது ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சின்னம்மா மகன் தன் அம்மாவுக்கு அனுப்பியது. "அம்மா, நான் வாங்கிக் குடுத்த குக்கர யூஸ் பண்ணாதீங்க. பாதுகாப்பு இல்லைன்னு திருப்பிக் கேக்குறாங்க. மெயில் வந்து நாலு மாசமாச்சாம், நான் இன்னிக்குத்தான் பாத்தேன்." சின்னம்மா அதை மூன்று முறை போட்டுக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "எந்தக் குக்கரச் சொல்றான்?"

நியாயமான கேள்வி. அந்தக் குக்கர் அப்போது சின்னம்மா வீட்டிலேயே இல்லை. ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்ததால், புதிதாக வந்ததைப் பெட்டியோடு எடுத்து, தனிக்குடித்தனம் போன மகளுக்குக் கொடுத்துவிட்டார். மகள் இருப்பது பக்கத்து ஜெகதாப்பட்டினத்தில். நாலு மாதமாக எச்சரிக்கை ஒருவரின் மெயில் பெட்டியில் கிடந்தது. குக்கர் இன்னொருவர் அடுப்பில் தினமும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல்.

விற்ற தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கீழே பெயர் சொல்லப்போகும் தளங்களில் ஒன்று அல்ல என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, 'திரும்பப் பெறுதல்' என்று நம் நாட்டில் சொல்கிறார்களே, அது என்ன என்று தேடிப் படித்தேன். படித்ததில் வந்த விமர்சனம்தான் இது.

2,265 குக்கர்களின் கதை

வீட்டு பிரஷர் குக்கர்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் கொண்டுவந்தது. அது 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியாவில் விற்கப்படும் எந்த வீட்டுக் குக்கரும் ஐஎஸ் 2347 என்ற தரத்துக்கு உட்பட்டு ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்க வேண்டும். கடையில் விற்றாலும் இணையத்தில் விற்றாலும் இதுதான் விதி.

முத்திரை இல்லாத குக்கர்கள் இணையத்தில் விற்பனையாவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் உருவான அமைப்பு இது. 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு எதிராக ஒரு உத்தரவு வந்தது. ஆணை நடைமுறைக்கு வந்த பிறகு அந்தத் தளம் வழியாக விற்ற குக்கர்கள் 2,265. அவற்றை வாங்கிய அனைவருக்கும் தகவல் சொல்ல வேண்டும், குக்கர்களைத் திரும்பப் பெற வேண்டும், பணத்தைத் திருப்பித் தர வேண்டும், 45 நாளில் அறிக்கை தர வேண்டும், ரூ.1 லட்சம் அபராதம். அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கும் இதே போன்ற உத்தரவு, 598 குக்கர்களுக்கு, அதே ரூ.1 லட்சம். பேடிஎம் மால், ஸ்னாப்டீல் மீதும் இதே வகை நடவடிக்கை இருந்தது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். "நாங்கள் வெறும் சந்தைதான், விற்பவர் வேறொருவர்" என்பது இணையத் தளங்கள் வழக்கமாகச் சொல்வது. ஆணையம் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் காசு பார்க்கிறவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்றது. ஃபிளிப்கார்ட் உத்தரவில், ஒவ்வொரு பில்லிலும் தளத்தின் பெயர் கட்டாயமாக அச்சாவதையும், விற்பவர்களைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தளமே தரம் பிரிப்பதையும் சுட்டிக்காட்டியது. இது சரியான வாதம். சந்தையில் கடை போட இடம் கொடுத்து, தராசையும் கொடுத்து, விற்ற காசில் பங்கும் வாங்குகிறவருக்கு, அங்கே என்ன விற்கிறது என்று பார்க்கும் கடமையும் உண்டு.

ஆனால் அபராதக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அந்த 2,265 குக்கர்களால் அமேசானுக்குக் கிடைத்த கட்டணம் ரூ.6,14,825 என்பது உத்தரவிலேயே இருக்கிறது. குக்கருக்குச் சுமார் 271 ரூபாய். அபராதம் குக்கருக்கு 44 ரூபாய். ஃபிளிப்கார்ட்டுக்குக் கிடைத்தது ரூ.1,84,263, அதாவது குக்கருக்குச் சுமார் 308 ரூபாய். அபராதம் 167. குக்கரின் முழு விலையையும் தளமே திருப்பித் தர வேண்டும் என்பதுதான் உத்தரவின் உண்மையான சுமை. அந்தச் சுமை எப்போது விழும்? குக்கரை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால்தான். யாரும் கொண்டுவராவிட்டால் செலவு 44 ரூபாயோடு முடிகிறது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. தகவல் எவ்வளவு குறைவாகப் போய்ச் சேருகிறதோ அந்த அளவுக்குச் செலவு குறையும் ஒருவரிடமே, தகவல் சொல்லும் வேலையையும் கொடுத்திருக்கிறோம். யாரும் வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மெயில் போட்டாலே கடமை முடிந்தது என்றால், மெயிலுக்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க எந்தக் காரணமும் இல்லை என்கிறேன்.

அமேசான் இதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் போனது. 2022 செப்டம்பரில் நீதிமன்றம், அபராதத் தொகையைக் கட்டவும், குக்கர் வாங்கியவர்களுக்குத் தகவல் தெரிவிக்கவும் சொன்னது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தகவல் போய்ச் சேருவது தீர்ப்புவரை காத்திருக்கக் கூடாது என்ற அளவில் அது சரிதான். ஆனால் 'யாருக்குத் தகவல்' என்ற இடத்தில் அங்கேயும் நிற்பவர் வாங்கியவர்.

சட்டத்துக்குள் இரண்டு மனிதர்கள்

2019 சட்டத்தை எடுத்து நுகர்வோர் யார் என்று பார்த்தேன். பிரிவு 2(7) சொல்வது: காசு கொடுத்துப் பொருள் வாங்கியவர் மட்டுமல்ல, அவர் ஒப்புதலோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே. இது நல்ல வரையறை. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலேயே இருந்தது. மகன் வாங்கினால் அம்மாவும் நுகர்வோர். அண்ணன் வாங்கினால் தங்கச்சியும் நுகர்வோர். எங்கள் ஊரை நினைத்து எழுதினது மாதிரியே இருக்கிறது.

அடுத்து, திரும்பப் பெறும் அதிகாரத்தைத் தரும் பிரிவு 20க்கு வாருங்கள். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற ஆணையம் உத்தரவிடலாம். அப்படிப் பெற்ற பொருளின் விலையை 'வாங்கியவர்களுக்கு'த் திருப்பித் தரச் சொல்லலாம். கவனிக்க, நுகர்வோருக்கு என்று இல்லை. வாங்கியவருக்கு. பிரிவு 2இல் அகலமாகத் திறந்த கதவு பிரிவு 20க்கு வரும்போது பில்லில் பெயர் உள்ளவர் மட்டும் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை அதில் ஒரு நியாயம் இருக்கிறது, காசு கொடுத்தவருக்குத்தானே காசு போக வேண்டும். ஆனால் எச்சரிக்கையும் அதே கதவு வழியாகத்தான் போகிறது. வெடித்தால் முகத்தில் வெந்நீர் தெறிக்கப்போவது பில்லில் பெயர் உள்ளவர் மேல் இல்லை. அடுப்பு முன்னால் நிற்பவர் மேல்.

நகரத்தில் இந்த இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருப்பார்கள். மெயில் வந்தால் ஹாலில் இருந்து சமையலறைக்குக் குரல் கொடுத்தால் போதும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று எங்கள் கடற்கரைப் பக்கம் வந்து பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆண்கள் போயிருக்கும் வீடுகள் ஏராளம். அங்கிருந்து போனில் ஆர்டர் போடுவார்கள், இங்கே பார்சல் இறங்கும். பார்சலும் இறங்கிய இடத்திலேயே நிற்காது. கல்யாணச் சீராகப் போகும், வீடு குடிபுகுந்தவருக்கு அன்பளிப்பாகப் போகும். பெட்டி பிரிக்காமலே இரண்டு கை மாறும். பில் யாரிடமும் இருக்காது.

திருப்பிக் கொடுக்கப் போன கதை

தம்பி கேட்டுக்கொண்டதால் அந்தக் குக்கரைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போட்டேன். ஆர்டர் எண்ணைச் சொன்னதும், "பதிவு பண்ணின நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றார்கள். பதிவு பண்ணின நம்பர் தம்பியின் பழைய இந்திய சிம். ரீசார்ஜ் பண்ணாமல் எப்போதோ செத்துப்போனது. வேறு நம்பர் மாற்ற வேண்டும் என்றால் வாங்கியவர்தான் பேச வேண்டும். வாங்கியவர் சிங்கப்பூரில் ஷிப்டில் இருக்கிறார். அவர் பேசும் நேரத்தில் இவர்கள் பேச மாட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கதவு திறந்தது. அடுத்து போட்டோ கேட்டார்கள். மூடி, அடிப்பாகம், வால்வு என்று தனித்தனியாக. ஜெகதாப்பட்டினம் போய்த் தங்கச்சி வீட்டில் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில்: "பாகங்கள் மாற்றப்பட்டுள்ளதால் ஏற்க இயலாது." தங்கச்சியிடம் கேட்டேன்.

"ஆமாண்ணே, வாஷர் லூஸாகி ஆவியா போயிட்டிருந்துச்சு. பாத்திரக்கடையில குடுத்து வாஷரும் வால்வும் மாத்துனேன். அது தப்பா?"

தப்பே இல்லை. எல்லா வீட்டிலும் செய்வதுதான். பாதுகாப்பு இல்லை என்று அவர்களே எழுதிய மெயிலைத் திருப்பி அனுப்பி, 'உங்கள் வால்வோ கடைக்கார வால்வோ, இந்தக் குக்கர் அடுப்பில் இருக்கக் கூடாது என்றுதானே சொன்னீர்கள்' என்று எழுதினேன். மறுபடி காத்திருப்பு. மறுபடி அதே விவரங்களை வேறு ஒருவரிடம் ஆரம்பத்திலிருந்து சொல்வது. இதில் எரிச்சல் என்பது காசுக்காக வருவதில்லை. ஆபத்து என்று நம்மைக் கூப்பிட்டுச் சொன்னவரிடமே, ஆபத்து என்று நாம் நிரூபிக்க வேண்டியிருக்கிறதே, அதனால் வருவது.

நான் தங்கச்சியிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன், அதை அடுப்பில் வைக்காதே என்று. அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப நாளைக்கு எதுல சோறாக்குறது?"

எந்த உத்தரவிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. திருப்பி எடுத்த பிறகு பணம் வரும், அதுவரை? அவள் அதிலேயேதான் சமைத்தாள். எனக்குத் தெரியும், தடுக்க வழியில்லை. சின்னம்மா தன் பழைய குக்கரைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் அது அடுப்பை விட்டு இறங்கியது. ஆறு வாரம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். பணம் தம்பியின் கணக்கில் கூப்பனாக விழுந்தது. தங்கச்சி சீட்டுப் பணத்தில் வேறொரு குக்கர் வாங்கி, பழையதை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

வால்வு மாற்றுவதை யார் எதிர்பார்த்திருக்க வேண்டும்?

பாகங்கள் மாற்றப்பட்டன என்ற காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பிரிவு 87, பாதிப்பு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்பவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. டிவியைப் பிரித்து மேய்ந்தவருக்கு இது பொருந்தலாம். குக்கருக்கு?

குக்கரின் வேலை எளிமையானது. மூடிய பாத்திரத்தில் ஆவி சேரும்போது உள்ளே அழுத்தம் கூடும், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை 100 டிகிரியிலிருந்து 120 டிகிரி பக்கம் ஏறும், பருப்பு சீக்கிரம் வேகும். அழுத்தம் அளவைத் தாண்டினால் வெயிட் தூக்கிக்கொண்டு விசிலாக ஆவி போகும். பருப்பு நுரை அந்தத் துளையை அடைத்துவிட்டால் சேஃப்டி வால்வு திறக்க வேண்டும். சூடு மீறினால் உருகும் ஒரு உலோகத் துண்டு அதில் இருக்கும். ஒருமுறை உருகினால் வால்வைப் புதிதாகத்தான் மாற்ற வேண்டும். வாஷர் ரப்பர், அதுவும் தேயும். ஆக, குக்கர் என்பதே பாகம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதற்கான பொருள். மாற்றும் பாகம் பாத்திரக்கடையில் தொங்குவதுதான், கம்பெனிப் பெட்டியில் வருவது அல்ல. இது ரகசியமும் இல்லை.

டிடிகே பிரஸ்டீஜின் டி.டி. ஜகந்நாதன் இந்தச் சிக்கலைப் பற்றிப் பேசியிருக்கிறார். சந்தையில் போலி சேஃப்டி வால்வுகள் புழங்கியதும், அவை வேலை செய்யாமல் குக்கர்கள் வெடித்ததும்தான் புதிய ஏற்பாட்டை யோசிக்க வைத்தன என்று. மூடியின் விளிம்பில் ஒரு சிறு திறப்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். வெயிட்டும் வால்வும் கைவிட்டால் அந்தத் திறப்பு வழியாக வாஷர் பிதுங்கி ஆவி வெளியேறிவிடும். மக்கள் போலி வால்வுதான் போடுவார்கள் என்று எடுத்துக்கொண்டு, அப்போதும் ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வடிவமைத்தது அது. நம் சமையலறையை உள்ளபடி பார்த்த ஒருவரின் யோசனை. "நீ வால்வு மாற்றினாய், அதனால் நான் பொறுப்பில்லை" என்பது அதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது.

தேடினவர்கள் எப்படித் தேடினார்கள்?

"வாங்கியவர் யாருக்குக் கொடுத்தார் என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரியான மறுப்பு. தெரியாதுதான். தெரியாதபோது என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

ஜப்பானில் மாட்சுஷிட்டா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) 1985 முதல் 1992 வரை தயாரித்த மண்ணெண்ணெய் ஹீட்டர்களில் ஒரு ரப்பர் குழாய் நாளடைவில் விரிசல்விட்டு, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசிந்தது. 2005இல் மரணங்கள் நேர்ந்தன. சுமார் 1.5 லட்சம் ஹீட்டர்கள், விற்றுப் பல வருஷம் ஆனவை. யாரிடம் இருக்கின்றன என்று தெரியாது. நிறுவனம் அந்த டிசம்பரில் தன் தொலைக்காட்சி விளம்பரங்களை எடுத்துவிட்டு எச்சரிக்கையைப் போட்டது. அடுத்து நாட்டில் உள்ள எல்லா வீடுகளுக்கும் தபால் அட்டை அனுப்பியது, சுமார் 6 கோடி. வாங்கியவரைத் தேடுவதை விட்டுவிட்டு வீட்டைத் தேடினார்கள். அட்டையை எடுத்துப் படிப்பவர் ஹீட்டர் பக்கத்தில் இருப்பவர்.

எதிர் உதாரணம் பிரிட்டன். அங்கே வேர்ல்பூல் குழுமத்தின் துணி உலர்த்தும் இயந்திரங்களில் பஞ்சு சேர்ந்து தீப்பிடிக்கும் அபாயம் இருப்பது 2015இல் அறிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவை 53 லட்சம் வரை. மெக்கானிக் வந்து சரிசெய்வார், அதுவரை பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். மெக்கானிக்குக்காக மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்ற அறிவுரை 2017இல்தான் வந்தது. அரசு தலையிட்டு முறையான திரும்பப் பெறுதல் நடந்தது 2019இல். அப்போதும் 5 லட்சம் வரை சரிசெய்யப்படாமல் வீடுகளில் இருந்திருக்கலாம் என்றார்கள். என் தங்கச்சி கேட்ட அதே கேள்விதான் அங்கேயும், அதுவரை துணியை எதில் உலர்த்துவது?

எங்கள் ஊருக்கு எச்சரிக்கை புதிதல்ல

ஜப்பான் அளவுக்குப் போக வேண்டியதில்லை. எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கோட்டைப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்திலேயே பார்க்கலாம். காற்று வேகம் கூடப்போகிறது என்று வானிலை மையம் சொன்னால் மீன்வளத்துறை டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடும். டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. ஒலிபெருக்கியில் சொல்வார்கள், சங்கத்தில் சொல்வார்கள், கரைக்கு வரும் ஆள் அடுத்த ஆளிடம் சொல்வார். படகு யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று தேடி அவருக்கு மட்டும் மெயில் போட்டுவிட்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஏனென்றால் கடலுக்குப் போகிறவர் படகு முதலாளி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் இந்த அறிவு எங்கே போனது? ஒவ்வொரு சமையலறைக்கும் தவறாமல் போகிறவர் சிலிண்டர் போடுகிறவர். ஒவ்வொரு குடும்பமும் மாதாமாதம் வந்து நிற்கும் இடம் ரேஷன் கடை. வாஷர் மாற்ற வருகிறவரை நேராகப் பார்க்கிறவர் பாத்திரக்கடைக்காரர். திரும்பப் பெறும் உத்தரவின் நகல் படத்தோடு, தமிழில், இந்த மூன்று இடத்தில் ஒட்டப்பட்டாலே போதும். தம்பியின் மெயில் பெட்டியில் நாலு மாதம் தூங்கினது ஒரு வாரத்தில் தங்கச்சி காதுக்கு வந்திருக்கும்.

இதோடு இரண்டு மாற்றம் கேட்கலாம். ஒன்று, பொருளைக் கையில் வைத்திருப்பவரே பில் இல்லாமலும் ஓடிபி இல்லாமலும் திருப்பிக் கொடுக்க வழி. பொருள்தான் சாட்சி, அடியில் பிராண்டும் மாடலும் இருக்கின்றன. இரண்டு, 45 நாளில் தரும் அறிக்கையில் எத்தனை பேருக்கு மெயில் அனுப்பினோம் என்பது மட்டும் போதாது, எத்தனை பொருள் திரும்பி வந்தது என்ற எண்ணிக்கையும் பொதுவில் வர வேண்டும். முதல் எண் தபால் கணக்கு. இரண்டாவதுதான் பாதுகாப்புக் கணக்கு.

அதுவரை நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். குக்கரைக் கவிழ்த்து ஐஎஸ்ஐ முத்திரையும் அதோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று தெரிந்துவிடும். புகார் என்றால் 1915. நுகர்வோர் ஆணையத்துக்கு இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போகலாம். விற்றவர் எந்த ஊர் என்பது பிரச்சினை இல்லை. வெளிநாட்டில் இருந்து வீட்டுக்குப் பொருள் அனுப்புகிறவர்கள், ஆர்டரில் இங்கே இருப்பவரின் போன் நம்பரைக் கொடுங்கள். அந்த மெயில் பெட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

எழுதி முடித்துவிட்டுச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு எழுந்துபோய், சமையலறையில் தன் பழைய குக்கரைக் கவிழ்த்துப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்து அடியில் எழுத்தே இல்லை.